கரையைச் சுத்தம் செய்யப் போகும் மாணவர்களுக்கு

அன்புள்ள ஐயா,
கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் நூறு பேர் சேர்ந்து, வரும் பிப்ரவரியில் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரையைச் சுத்தம் செய்ய இருக்கிறோம். ஒரே காலையில் முடித்துவிடலாம் என்பது திட்டம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
— மூன்றாம் ஆண்டு மாணவி, ராமநாதபுரம்

அன்புள்ள மாணவிக்கு,

முதல் வேலை கடற்கரையில் இல்லை, ஊராட்சி அலுவலகத்தில். மூட்டைகளை எடுக்க வண்டி என்றைக்கு வரும், எங்கே கொண்டுபோவார்கள் என்று பேசி முடித்துவிட்டுத் தேதி குறியுங்கள். குவித்து வைத்துவிட்டுக் கிளம்பினால் நாய்கள் சாக்கைக் கிழிக்கும், காற்று மறுபடி கடலில் சேர்க்கும்.

நூறு பேர் வேண்டாம். முப்பது பேர் மாதாமாதம் அதே கரைக்குப் போவது மேல். வடகிழக்கு வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் குப்பை ஒதுங்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கையில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம். ஒரு காலையில் முடிகிற வேலையே இல்லை இது.

கரையில் கருத்துக் காய்ந்து கிடக்கும் கடற்புல் குப்பையல்ல, அதை அள்ளவே கூடாது. பறக்கும் மணலை அதுதான் பிடித்து வைக்கிறது. அதனடியில் வாழும் சிறு உயிர்களைத் தின்னத்தான் கரைப்பறவைகள் வருகின்றன. சிக்கியிருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் கையால் உதறி எடுங்கள். பிப்ரவரி மாதம், பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் காலம். முட்டைகள் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும். ஆகவே மண்வெட்டியால் ஆழத் தோண்டுவதும், கரையில் வண்டி இறக்குவதும் வேண்டாம்.

அதிகம் தடுமாறப் போவது புதைந்த வலையில்தான். இழுத்தால் நைலான் அறாது, மேலே படர்ந்த அடம்பன் கொடிதான் வேரோடு வரும். மணலைக் கையால் விலக்கி, தெரிகிற அளவுக்குக் கத்தியால் அறுத்தெடுங்கள். உள்ளே தூண்டில் முள் இருக்கும். துணிக் கையுறை போதாது, ரப்பர் பூசியது வேண்டும். அதற்கும் முன், அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காயப்போட்ட வலையைக் குப்பை என்று அறுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும்.

பாட்டில்களின் மூடியைக் கழற்றி, தண்ணீரையும் மணலையும் அங்கேயே கொட்டிவிடுங்கள். மண்ணோடு போனால் பழைய சாமான் கடையில் எடுக்கமாட்டார்கள். வலையும் கயிறும் ஒரு சாக்கு, பாட்டில் ஒன்று, கண்ணாடி ஒன்று, மிச்சம் ஒன்று. சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரமணல் கனம் தூக்க விடாது. ஊசி கிடந்தால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கேனில் போடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் எந்தச் சாக்கு எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதி வையுங்கள். டீ கப் அதிகமென்றால் கடைக்காரர்களிடம் பேசலாம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வலைத்துண்டு அதிகமென்றால், படகு அணையும் இடத்தில் கிழிந்த வலை போட ஒரு தொட்டி வைக்கச் சொல்லி, அந்த நோட்டோடு ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.