லேப்டாப்பை மாற்றுங்கள், கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, கரூரில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் என் தொழில். 34 கடைக்காரர்கள் வாடிக்கை. உதவிக்கு ஒரு பெண் வருகிறார். அவர் சம்பளம், கரண்டு, இன்டர்நெட் எல்லாம் போக மாதம் 33,000 ரூபாய் கையில் நிற்கும்.

என்னிடம் 2 லேப்டாப் இருக்கின்றன. 2015இல் வாங்கியதில் பேட்டரி உப்பி, அடிப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 2017இல் வாங்கிய ஐ5 ஆன் ஆகவே பத்து நிமிடம் ஆகிறது. சார்ஜர், கீபோர்டு, கீல், சர்வீஸ் என்று போன வருடம் மட்டும் 7,600 ரூபாய் செலவு. போன மாதம் 20ஆம் தேதி இரண்டும் ஒரே நாளில் மக்கர் செய்து, 2 பேருக்கு 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதமாகிவிட்டது. அதில் ஒருவர் கணக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

கடையில் 82,000 ரூபாய்க்கு ஒரு ஏஐ லேப்டாப்பைக் காட்டி, 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ என்கிறார்கள். என் நாத்தனார் மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்கிறான். "அவனுக்கும் 65,000 ரூபாயில் ஒன்று சேர்த்து உன் கிரெடிட் கார்டிலேயே வாங்கிவிடு, மாசா மாசம் தந்துவிடுகிறோம்" என்கிறார் நாத்தனார். அதே கார்டில் ஏற்கெனவே என் தம்பியின் போனுக்கு 2,900, நாத்தனார் வீட்டு வாஷிங் மெஷினுக்கு 2,450 என்று தவணை ஓடுகிறது. தம்பி சில மாதம் கொடுப்பான், சில மாதம் விட்டுவிடுவான். 4 மாதமாக மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்டுகிறேன். இனி வரும் தவணைகள் போக 38,000 நிலுவை. சேமிப்புக் கணக்கில் 62,000 இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன். தபால் நிலையத்தில் 2023 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆர்டி கட்டுகிறேன். புது லேப்டாப் வாங்கலாமா, பழையதையே ஓட்டலாமா?

- வாசகி, கரூர்

பதில்: மாற்றிவிடுங்கள் அம்மா. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது கடைசி வரியில் இருக்கிறது, நான் பதில் சொல்ல வேண்டியது அதற்கு நாலைந்து வரி முன்னால் இருக்கிறது. உங்கள் கார்டு உங்களுக்குச் சொந்தமாக இல்லை. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அது பொதுவாக இருக்கிறது. லேப்டாப் கேட்ட 7,600 உங்களுக்கு உறுத்துகிறது. கார்டு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணில் படவில்லை.

தாமதக் கட்டணம், தேய்மானம் எல்லாம் நீங்கள் நாள்தோறும் பிறருக்குப் போட்டுக் கொடுப்பவை, அதை நான் விளக்க வேண்டியதில்லை. பிறர் கணக்கை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர் தன் கார்டு ஸ்டேட்மென்டின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அதுதான் என் வருத்தம். நிலுவை 38,000. மாத வட்டி 3.6 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1,370. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு 245. ஆக மாதம் 1,615, வருடத்துக்கு 19,400 ரூபாய்க்குப் பக்கம். நான் கீழே சொல்லப்போகும் கணினியின் விலையில் இது பாதி. இன்னொன்றும் இருக்கிறது. மினிமம் டியூ கட்டி நிலுவையைத் தள்ளிக்கொண்டே போனால், புதிதாக எது வாங்கினாலும் அந்த 45, 50 நாள் வட்டியில்லா அவகாசம் கிடையாது. வீட்டு மளிகையை அதே கார்டில் வாங்கினால்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இத்தனைக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கில் 62,000 சும்மா கிடக்கிறது. அதற்கு வங்கி தருவது இரண்டரை, மிஞ்சினால் மூன்று சதவீதம். அவசரத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பது நல்ல பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு 43 சதவீதம் வட்டி ஓடுகிற கடனைவிடப் பெரிய அவசரம் எது? இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் 38,000 ரூபாயைக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

அப்புறம், அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியில்லாக் கடன் என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வட்டியைத் தள்ளுபடி என்று முன்பக்கம் காட்டி, பின்பக்கம் வாங்கிக்கொள்கிறார்கள். 82,000 ரூபாய் லேப்டாப்பில் 16 சதவீத வட்டி என்று வைத்தால், விலையில் 6,700 குறைத்து 75,300 ரூபாயைக் கடனாக எழுதி, அந்த 6,700 ரூபாயைத் தவணையோடு வட்டியாக வசூலிப்பார்கள். வட்டிக்கு ஜிஎஸ்டி 1,200 ரூபாய். செயலாக்கக் கட்டணம் ஒரு 235. ஆக 1,435 ரூபாய் கூடுதல். உண்மையைச் சொன்னால், ஒழுங்காகக் கட்டுபவருக்கு இது பெரிய தொகை இல்லை. மினிமம் டியூ கட்டும் பழக்கம் உள்ளவர் கையில்தான் இது வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டு லேப்டாப்பும் சேர்ந்து மாதம் 12,250. ஓடுகிற தவணை 5,350. மொத்தம் 17,600. உங்கள் கையில் நிற்பதே 33,000. தம்பி ஒரு மாதம் விட்டு, நாத்தனார் வீட்டில் ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த மாதத்தை எதை வைத்துச் சமாளிப்பீர்கள்?

என் சித்தப்பா மகனுக்கு ஒரு முறை பைக் கடனை என் பெயரில் எடுத்துக் கொடுத்தேன். 7 மாதத் தவணை நான் கட்டினேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடனாளியாக உட்கார்ந்து சாப்பிட அவனுக்குக் கூச்சம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாத்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். அவர் உடன்பிறந்தவர், அவர் பேசுவதுதான் முறை. நீங்கள் பேசினால் "அண்ணி தடுத்துவிட்டாள்" என்ற பெயர்தான் மிஞ்சும். பையனுக்கு உங்கள் வீடு தாய்மாமன் வீடு. செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் கையிலிருக்கும் பணத்தில், ஒரே தடவையாக, திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் செய்யுங்கள். 3,000 முடியுமா, 5,000 முடியுமா, அது உங்கள் வசதி. அவன் கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால், படிப்புக்குத் தேவையான கணினியையும் அந்தக் கடனிலேயே சேர்த்துக் கேட்க வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே கொட்டேஷனை இணைத்துவிட வேண்டும். தவிர, முதல் செமஸ்டருக்குக் கல்லூரி லேப் போதும். எந்தப் பிரிவு, என்ன மென்பொருள் என்று தெரிந்த பிறகு வாங்கினால் அவனுக்கே நல்லது.

ஓடுகிற இரண்டு தவணைகளையும் இப்போது முன்கூட்டி அடைக்க வேண்டாம், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். தம்பியை அவர் வங்கிக்குப் போய், சம்பளம் வந்த மறுநாளே 2,900 உங்கள் கணக்குக்குத் தானாக மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் நீங்கள் கேட்பதும் அவர் சாக்குச் சொல்வதும் நிற்கும். கார்டின் லிமிட்டை வங்கி ஆப்பில் உங்கள் சொந்தத் தேவை அளவுக்குக் குறைத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் "லிமிட் இல்லை" என்று பொய் கலக்காமல் சொல்லலாம். தவணை தவறினால் சிபில் கடன் அறிக்கையில் ஏறுவது உங்கள் பெயர்தான், தம்பியின் பெயரோ நாத்தனாரின் பெயரோ இல்லை.

சரி, இப்போது கணினி. பழையதை ஏன் ஓட்டக் கூடாது என்றால், வேகம் குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்களை, ஒரு சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. 2017இல் வாங்கிய ஐ5 என்றால் அநேகமாக ஏழாம் தலைமுறை. அந்தப் பெட்டிக்குள் 34 பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அதில்தான் செருகுகிறீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி மாற்றினால் ஜெட் மாதிரி ஓடும் என்று யாராவது சொல்வார்கள். வேகம் நிஜமாகவே கூடும். ஆனால் சில மாதங்களில் பாதுகாப்பு முடியப்போகிற இயந்திரத்தில் 3,000 ரூபாய் போட எனக்கு மனசில்லை. ரிப்பேர் செலவைவிட முக்கியம், கைவிட்டுப்போன அந்த வாடிக்கையாளர். அவர் மாதம் 1,000 கொடுத்திருந்தால்கூட வருடத்துக்கு 12,000 போயிற்று.

அதற்காக 82,000 ரூபாய் ஏஐ லேப்டாப் எதற்கு? அதில் இருக்கும் தனிச் சிப் உங்கள் டாலி கணக்கு மென்பொருளுக்கோ எக்செலுக்கோ ஜிஎஸ்டி தளத்துக்கோ தேவையே இல்லை. இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் அந்த ஸ்டிக்கரைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். தேய்மானம் 40 சதவீதம், வரி மிச்சமாகும் என்றும் சொல்லியிருப்பார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 4 லட்சத்துக்குள். வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே வராது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இல்லாத வரியில் மிச்சம் பிடிக்க முடியாது.

நீங்கள் வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப். இப்போதைய ஐ3 அல்லது அதற்கு ஈடான ரைசன், 8 ஜிபி ராம், பின்னால் சேர்க்க ஒரு ஸ்லாட் காலி, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11. இது 29,000 ரூபாயை ஒட்டி வரும். மானிட்டர் 7,000, கரண்டு போனால் ரிட்டர்ன் பாதியில் நிற்காமலிருக்க ஒரு சின்ன யுபிஎஸ் 3,000. மொத்தம் 39,000. டெஸ்க்டாப்பில் கீபோர்டு போனால் 500 ரூபாய்க்குப் புதிது வாங்கிச் செருகிவிடலாம், சர்வீஸ் கடையில் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கொண்டே வருகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாங்கிக் குவிப்பதுதான் காரணம். அதனால் 3 கடையில் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்குங்கள், ரொக்க விலை கேளுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி, டேமேஜ் புரொடெக்‌ஷன் எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? கார்டை அடைத்த பிறகு கையில் 24,000. ஆர்டியை உடைக்க வேண்டாம். ஓராண்டு, 12 தவணை முடிந்த தபால் ஆர்டியில் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும். வட்டி, ஆர்டி வட்டியைவிட 2 சதவீதம் அதிகம், அதாவது 6.7க்கு 8.7. உங்கள் கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கும். 25,000 கடன் எடுங்கள். 24,000 ரூபாயோடு சேர்த்து 49,000. கணினி போக 10,000 அவசரத்துக்கு மிஞ்சும். மாதம் 2,500 என்று 10 மாதத்தில் அடைத்தால் மொத்த வட்டி ஏறக்குறைய 1,000 ரூபாய்தான். அந்த 2,500 ரூபாயில் பெரும்பகுதி, கார்டுக்கு இதுவரை கொடுத்துக்கொண்டிருந்த 1,615 ரூபாயிலிருந்தே வந்துவிடும்.

2017 லேப்டாப்பை அப்டேட்டுக்குப் பதிவு செய்து, உதவிக்கு வரும் பெண் பில் என்ட்ரி போட வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாடிக்கையாளர் பாஸ்வேர்டு எதுவும் இருக்க வேண்டாம். அக்டோபர் வரை அது போதும், அதற்குள் இரண்டாவது கணினிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கலாம். 2015 லேப்டாப்பை இன்றே ஆஃப் செய்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜில் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் ஆளை வைத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொண்டு, மீதியை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் 2,000 தருகிறேன் என்று யார் சொன்னாலும் டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள், 34 வீட்டுக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

வாங்குவதை 11ஆம் தேதி விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். டாலி டேட்டாவை மாற்றவும், டோக்கனுக்கு டிரைவர் போட்டுச் சோதிக்கவும் 3பி போட வேண்டிய 20ஆம் தேதிக்குள் ஒரு வாரம் கிடைக்கும். முதலில் ஒரே ஒரு சின்னக் கடையின் 3பியைப் புதிய கணினியில் போட்டுப் பாருங்கள். அது சரியாகப் போனதும் மற்றவர்களுடையதை ஆரம்பிக்கலாம்.