வாசகர் கேள்வி–பதில்: சிஸ்டர்களுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: என் மகள் 29ஆவது வாரத்திலேயே, 1,150 கிராம் எடையில், அரசு மருத்துவமனையில் பிறந்தாள். 54 நாட்கள் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு முதல் பிறந்த நாள். அங்கிருந்த சிஸ்டர்களுக்கும் டாக்டர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் தவிக்கிறது. ஆளுக்கொரு புடவையோ, கவரில் பணமோ கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். அது சரியா அம்மா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பணம் வேண்டாம், புடவையும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அத்தகைய பிரிவொன்றில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். வீட்டுக்கு அனுப்பிய குழந்தை பிறகு எப்படி வளர்ந்தது என்பது வார்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுத்த அன்றைய எடையிலேயே அந்தக் குழந்தை எங்கள் நினைவில் நின்றுவிடுகிறது. காப்பாற்ற முடியாமல் போன குழந்தைகளின் முகங்களோ ஒன்றுகூட மறப்பதில்லை. அப்படிப்பட்டவர்களின் முன்னே உங்கள் மகள் கன்னம் உப்பிச் சிரித்துக்கொண்டு வந்து நின்றால், அதற்கு ஈடான பரிசு வேறெதுவும் இல்லை.

நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்ற நேரங்களில் உள்ளே என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பக் கணக்கில் 34 வாரம் நிரம்பும்வரை இத்தகைய குழந்தைகளுக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒருசேரச் செய்ய வராது. ஆகவே, நீங்கள் பீய்ச்சிக் கொடுத்த பாலைக் குழாய் வழியாக, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை வரைகூட, சொட்டுக் கணக்கில் செலுத்தியிருப்பார்கள். பிறகுதான் பாலாடைக்கு மாற்றியிருப்பார்கள். மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு முதிராததால் குழந்தை சில நொடிகள் மூச்சு விடாமல் இருந்துவிடும். மானிட்டர் அலறும்போது, பதறாமல் கையை உள்ளே விட்டு, உள்ளங்காலை ஒரு விரலால் வருடி மூச்சைத் திரும்ப வரவழைப்பவர் பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்தான். அவரை நீங்கள் பார்த்தேகூட இருக்க மாட்டீர்கள்.

உங்கள் நெஞ்சோடு குழந்தையை அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் அல்லவா? கங்காரு பராமரிப்பு என்னும் அந்த முறை, கொலம்பியாவின் போகோடா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவரின் முயற்சியால் 1970களின் இறுதியில் தொடங்கியது. பிறந்தவுடனேயே இதைத் தொடங்குவது உயிரிழப்பை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால், பயந்து நடுங்கும் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, 'பயப்படாதேம்மா, ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் குழந்தையை அவள் மார்பில் சரியாகக் கிடத்தும் வேலையை எந்த ஆய்வும் செய்து தராது.

பணம் கூடாது என்பதற்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் மட்டும் காரணமல்ல. நீங்கள் மனமுவந்து நீட்டும் கவரைப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் தாய் பார்க்கிறாள். பேருந்துச் செலவுக்கே கடன் வாங்கி வந்த அவள், தானும் கொடுத்தாக வேண்டுமோ என்று கலங்குகிறாள். அந்தச் சிகிச்சை 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அவளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது. பால்பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கிப் போகவே கூடாது. மருத்துவமனைகளுக்கு அவற்றை நன்கொடையாக அளிப்பதை 1992ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பொறுப்புச் செவிலியரைக் கேட்டுவிட்டுச் சிறிய பருத்தித் தொப்பிகளும் காலுறைகளும் தைத்துக் கொடுக்கலாம்.

வார்டுக்குள் நுழையாமல், ஷிஃப்ட் மாறும் வேளையில் வெளியே நின்று பாருங்கள். உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமான நவம்பர் 17 அன்று பல மருத்துவமனைகள் பழைய குழந்தைகளை அழைப்பதுண்டு, விசாரியுங்கள். கையோடு டீனுக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். அதில் மருத்துவர், செவிலியர் பெயர்களோடு, தரையைத் துடைத்தவரையும் துணி மாற்றிக் கொடுத்தவரையும் குறிப்பிடுங்கள். கிருமி உள்ளே வராமல் காத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயர் தெரியாவிட்டால் அவர் செய்ததை எழுதுங்கள். யார் என்று வார்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று: பதினொரு வாரம் முந்திப் பிறந்தவள் என்பதால், வளர்ச்சியைக் கணக்கிடும்போது அந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். கண், காது பரிசோதனைகளுக்கு வரச் சொன்ன தேதிகளைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: 25 வாரத்தில் பிறந்த என் பேரன் ஒன்பதாம் நாள் இறந்துவிட்டான். கடைசியில் ஒரு சிஸ்டர் குழாய்களை எடுத்து, அவனைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, என் மகள் மடியில் ஒரு மணி நேரம் விட்டுவைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன். எங்கள் கடிதம் அவரை மேலும் வருத்துமோ?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எழுதுங்கள் ஐயா. இன்னும் என்ன செய்திருக்கலாம் என்று அவர் தனக்குள் பல நாட்கள் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மகளுக்கு என்னவாக இருந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பேரனுக்கு வைக்க நினைத்திருந்த பெயரையும் எழுதுங்கள். வார்டில் அவன் தாயின் பெயரைச் சொல்லித்தான் அறியப்பட்டிருப்பான். அவன் பெயர் அந்தச் சிஸ்டருக்குத் தெரிந்திருக்காது.