வாசகர் கேள்வி - பதில்: ஊருக்கு என்ன மிச்சம்?

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் எங்கள் ஊர். பொங்கலை ஒட்டி மூன்று நாள் கலைவிழா நடத்த இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். "ஆடுறவன் ஆடிட்டுப் போயிருவான், ஊருக்குக் குப்பைதான் மிச்சம்" என்கிறார் என் மாமனார். சரிதானா?
- ஓர் ஆசிரியை, வாடிப்பட்டி

பதில்: பாதி சரி. மேடை போடுகிறவர்கள் கேட்க மறக்கிற கேள்வியை அவர் கேட்கிறார், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. வந்த கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்காமல், வசூலான ரூபாய் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். டிவி நட்சத்திரத்துக்குச் சென்னையில் அட்வான்ஸ், பெரிய திரைக்கு வெளியூர் வாடகை, சாப்பாடு எங்கிருந்தோ பொட்டலமாக வந்து இறங்குகிறது என்றால் காசு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடும். மாமனார் சொன்னதுதான் மிஞ்சும்.

வாடிப்பட்டி மேளம் என்றால் தெரியாதவர்கள் உண்டா? கல்யாணம், கட்சி ஊர்வலம், சாமி கும்பிடு என்று எதற்கும் உங்கள் ஊரிலிருந்துதான் செட்டு வண்டியேறுகிறது, அந்த ஊரிலேயே டிஜே வைத்து விழா என்றால் என்ன சொல்ல! மேளக்காரர் வாங்கும் சம்பளம் உள்ளூர் மளிகைக்கடை பாக்கிக்குப் போகும், அந்தக் கடைக்காரர் பந்தல்காரரிடம் கொடுப்பார், பந்தல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார். ஊருக்கு மிச்சம் என்பது இந்தச் சுற்றுதான்.

இன்னொன்று, வந்தவர் ஒரு ராத்திரி தங்க வேண்டும். பகலில் வந்து போகிறவர் டீயும் வடையும் சாப்பிடுவார், தங்குகிறவர்தான் அறை வாடகை, ராத்திரிச் சாப்பாடு, காலை இட்லி, ஆட்டோ என்று செலவழிப்பார். மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர், இரண்டுமே உங்களுக்குப் பக்கம். சாயந்திரம் ஜல்லிக்கட்டு முடிந்ததும் அத்தனை பேரும் மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு ராத்திரிகளைப் பிடியுங்கள். ஏழு மணிக்கு மேளம், ஒன்பதுக்கு ஒயிலாட்டம், அப்புறம் விடிய விடிய வள்ளி திருமணம். காலையில் சோழவந்தான் கொடிக்காலைக் காட்டுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அது, அதைப் பார்க்கவென்று தனியாக யாரும் வரமாட்டார்கள், ஆனால் தங்கியவர் பார்ப்பார், ஒரு கவுளியாவது வாங்குவார்.

கேள்வி: சித்திரைத் திருவிழா இருக்கும்போது தனியாகக் கலைவிழா எதற்கு?
- ஒரு வாசகர், சிம்மக்கல்

பதில்: மாசியில் அறுப்பு வேலை இருந்ததால் தேர் இழுக்க ஆள் போதவில்லை, அதனால் மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரைக்கு வரவைத்தார் என்று நம்மூரில் சொல்வார்கள். அது உண்மையென்றால் விழாக் காலண்டரைக் கூட்டத்துக்குத் தோதாகப் போட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்!

ஆனால் சித்திரைக்கு வருகிற கிராமத்துச் சனம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறது, ஆற்றங்கரையில் படுக்கிறது, வழிநெடுக மண்டகப்படியில் மோரும் பானகமும் சும்மாவே கிடைக்கிறது. அது பக்தி, அப்படியே இருக்கட்டும். அதிலும் கைத்தொழிலுக்குச் சோறு உண்டு. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் போடும் உடையைத் தைப்பவர்கள் புதுமண்டபத்துத் தையற்காரர்கள் (கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில்). சித்திரை முடிந்த பிறகும் அந்தக் கைகளுக்கும் விளாச்சேரிப் பொம்மைக்காரர்களுக்கும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்களுக்கும் வேலை வேண்டுமே, அதற்குத்தான் இன்னொரு விழா.

கேள்வி: நான் கரகம் எடுத்து ஆடுகிறவள். மேடை போட்டுக் கூப்பிட்டால் மட்டும் மதித்துவிடுவார்களா?
- ஒரு கலைஞர், மேலூர் பக்கம்

பதில்: மாட்டார்கள், அக்கா. நான் போன ஒரு விழாவில் மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், அதே மேளக்காரர்களுக்குப் பந்தலுக்குப் பின்னால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சோறு போட்டார்கள். எனக்கு அன்று இலையில் கை வைக்கவே கூச்சமாக இருந்தது. சாவு வீட்டுக்கு மட்டும் அடிக்கிற மேளம் என்று ஒதுக்கிவைத்த பறையை ஊர்ப் பொது மேடையில் முதல் நிகழ்ச்சியாக வைத்து, அடித்தவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால்தான் கலைவிழா ஊரைச் சேர்த்தது என்று நான் ஒத்துக்கொள்வேன்.

உங்களுக்கு ஒரு யோசனை: சம்பளத்தை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம், மீதி மேடையிலிருந்து இறங்கியதும். உடை மாற்றக் கதவு உள்ள அறை கேளுங்கள். ரெட்டை அர்த்தப் பாட்டுக்கு ஆடச் சொன்னால் மறுக்கலாம் என்பதையும் அதே காகிதத்தில் சேருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இலிருந்து இருக்கிறது, பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆடி முடிந்து சீசன் ஓய்ந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

கேள்வி: கொச்சி மாதிரி நம் பக்கமும் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்களா?
- ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: வரட்டும் தம்பி, முதலில் விருதுநகர்க்காரரும் திண்டுக்கல்காரரும் வரட்டும். கொச்சியில் 2012இல் பியனாலே என்கிற கலைக் கண்காட்சி தொடங்கியபோது பழைய குடோன்களைத்தான் கூட்டிப் பெருக்கிக் கலைக்கூடமாக்கினார்கள். உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கிற ரைஸ்மில் ஒன்று இருக்குமே? அதைத் திறப்பதற்கு முன்னால் பெண்களுக்குக் கழிப்பறை கட்டிவிடுங்கள். எட்டு மணிக்கே அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவது ஆட்டம் பிடிக்காமல் இல்லை.