வாசகர் கேள்வி பதில்: பட்டா கொடுத்த துரை

போன இதழில் ஜமாபந்தி (வருசா வருசம் தாலுகா ஆபீசில் நிலவரிக் கணக்கை முடிக்கிற வழக்கம்) பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "இது மன்றோ காலத்திலிருந்து வருகிற வழக்கம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. சரி, கம்பெனி காலத்தில் சென்னை மாகாணக் கவர்னராக இருந்த அந்த மன்றோவுக்கே இந்த இதழ் முழுக்க என்று ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மன்றோ எங்க ஜில்லாவுக்குக் கலெக்டரா இருந்தாருங்களா? எங்க அப்பிச்சி எப்பப் பார்த்தாலும் "பட்டா குடுத்த துரை"ம்பாருங்க. (பெருந்துறை வாசகர்)

உங்கள் ஊர் அன்று இருந்த கோயமுத்தூர் ஜில்லாவுக்கு அவர் கலெக்டராக இருந்ததே இல்லை. ஆனாலும் உங்கள் அப்பிச்சி சொன்னது பாதிக்கு மேல் சரி.

தாமஸ் மன்றோ 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர். அப்பா வியாபாரி, அமெரிக்கச் சுதந்திரப் போரில் வியாபாரம் நொடித்துப்போனது. பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். இந்தியாவுக்கு வந்து மூன்று வருசம் வரைக்கும் தலைக்கு வைக்க ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் கிடைத்தது, நான்கு குச்சி நட்டுக் கட்டிய கித்தான்தான் படுக்கை என்று தங்கைக்கு எழுதியிருக்கிறார். ஹைதர் அலியோடும் பிறகு திப்புவோடும் நடந்த சண்டைகளில் சிப்பாய்களோடு சிப்பாயாக நடந்த ஆள்.

1792-இல் திப்பு தோற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனதும், பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி வசூலிக்க சிவிலியன்களை அனுப்பாமல், கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பட்டாளத்து அதிகாரிகளைப் போட்டார். நாட்டு மொழி தெரிந்தவர்கள், வெயிலில் அலையத் தயங்காதவர்கள் என்பதுதான் காரணம். தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், திருப்பத்தூரில் இருந்தார். அவருக்குக் கீழே மூன்று பேர்: வடக்கே கிரஹாம், தெற்கே மெக்லியட், நடுவில் தர்மபுரியை மையமாக வைத்து நம்ம மன்றோ. ஏழு வருசம் அங்கேதான்.

அவர்கள் செய்த வேலை இதுதான். அதுவரைக்கும் ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசி, நடுவில் இருப்பவர் வசூலித்துக் கட்டுவார், அவர் எவ்வளவு வசூலித்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். ரீட்டின் ஆட்கள் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, காடு காடாக அளந்து, இது நன்செய், இது புன்செய், இது தோட்டம் என்று பிரித்து, இந்த நிலத்துக்கு இன்னார் இவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்று நேரே உழுகிறவன் பேரிலேயே எழுதினார்கள். வருசா வருசம் எந்த நிலத்தை வைத்துக்கொள்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்று கேட்டுக் கணக்கை நேர் செய்தார்கள். ரயத்து என்றால் குடியானவன், அதனால் இதற்கு ரயத்துவாரி என்று பேர். ஆக, விதை போட்டவர் ரீட், உதவியாளராக இருந்து கற்றுக்கொண்டு பிற்பாடு மாகாணம் முழுக்கப் பயிர் பண்ணியவர் மன்றோ. பேர் என்னவோ மன்றோவுக்குத்தான் நின்றது, ரீட்டை இன்று யாருக்குத் தெரியும்?

எங்கள் அப்பாரு ஜமாபந்திக்குப் போகிற அன்றைக்கு வெள்ளை வேட்டியை முதல்நாளே துவைத்துக் காயப்போட்டுவிடுவார். தாலுகா ஆபீஸ் வாசலில் சாமியானா, உள்ளே நீள மேசை, சிவப்புத் துணியில் கட்டிய கணக்குகளைத் தலையாரி தூக்கிக்கொண்டு வருவார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல், யார் பேரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டா. இப்போது அதே சிட்டாவை இ-சேவை மையத்தில் காசு கட்டி அச்சடித்து வாங்குகிறோம். அதிகாரி உட்கார்ந்து கணக்கை முடிக்கிற, பசலி என்கிற அந்த வருவாய்க் கணக்கு வருசம் இன்றும் ஜூலையில் பிறந்து ஜூனில்தான் முடிகிறது. (இங்கிலீஷ் வருசத்தில் 590 கழித்தால் பசலி வந்துவிடும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434.)

உங்கள் பக்கத்து விசயமும் சொல்லிவிடுகிறேன். 1799-இல் திப்பு இறந்த பிறகுதான் கோயமுத்தூர் கம்பெனியிடம் வந்தது. அப்போது மன்றோ கன்னடக் கரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஜில்லாவின் வடபாதிக்கு வந்தவர், பாராமகாலில் மன்றோவோடு வேலை பார்த்த அதே மெக்லியட். அந்த வழியாகத்தான் பட்டா உங்கள் ஊருக்கு வந்தது.

கேள்வி: அப்படியானால் எங்கள் தாத்தா காலத்துப் பத்திரங்களில் "மிட்டா", "மிட்டாதார்" என்று இருக்கிறதே, அது எப்படி? (ஓமலூர் வாசகி)

இதுதான் இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம். ரயத்துவாரி பிறந்த சேலம் ஜில்லாவிலேயே அதைத் தூக்கி எறிந்தார்கள்! ரீட்டும் மன்றோவும் கிளம்பிப் போனதும், வங்காளத்தில் போட்ட ஜமீன்தாரி முறைதான் உசத்தி என்று மேலிடம் முடிவு பண்ணி, 1802-க்குப் பிறகு ஊர்களைக் கூறு கட்டி, ஒவ்வொரு கூறுக்கும் மிட்டா என்று பேர் வைத்து ஏலம் விட்டது. கையில் காசிருந்தவர்கள் எடுத்தார்கள். நிர்ணயித்த தொகையைக் கட்ட முடியாமல் பலர் முழி பிதுங்கினார்கள், பல மிட்டாக்கள் திரும்பவும் சர்க்காரிடமே வந்து விழுந்தன. தப்பிப் பிழைத்த மிட்டாக்கள் சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ஆம் வருசச் சட்டத்தில் ஒழிந்தன. அந்தச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். நூற்றைம்பது வருசம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

கேள்வி: தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டதில் மன்றோவுக்குப் பங்கு உண்டா? (சங்ககிரி வாசகர்)

இல்லை. சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805-இல். மன்றோ 1800-லிருந்து 1807 வரை பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் பக்கம் இருந்தார். அங்கே எண்பது பாளையக்காரர்களைப் பட்டாளத்தை வைத்து அடக்கியது அவர்தான், அந்தக் கணக்கு தனி. நம் ஊர்க் கணக்கை அவர் தலையில் எழுத முடியாது.

கேள்வி: கோயமுத்தூருக்கும் மன்றோவுக்கும் நேரடித் தொடர்பே இல்லையா? (பல்லடம் வாசகர்)

இருக்கிறது, அதுவும் ஒரு ஊழல் வழக்கில். 1814-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த மன்றோவுக்கு நீதி, போலீஸ் நிர்வாகத்தைச் சீர்படுத்துகிற வேலை. அந்தச் சமயத்தில் கோயமுத்தூர் ஜில்லா கஜானாவைப் பார்த்துக்கொண்டிருந்த காசி செட்டி என்பவர், சர்க்கார் பணத்தைச் சொந்த வியாபாரத்தில் சுற்றவிட்ட விவகாரம் வெளியே வந்தது. புகையிலை வியாபாரம் அப்போது கம்பெனியின் ஏகபோகம். கோயமுத்தூர்க் குடியானவன் விளைவித்த புகையிலை சர்க்கார் சொன்ன விலைக்குப் போக வேண்டும், நடுவில் இருப்பவர்களுக்கு வேட்டை. விசாரிக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் மன்றோ, இன்னொருவர் 1815-இல் கலெக்டராகப் பொறுப்பேற்ற ஜான் சல்லிவன். ஆமாம், ஊட்டியை உருவாக்கிய அதே சல்லிவன். பிற்பாடு கவர்னராக இருந்தபோது 1826-இல் மன்றோ ஊட்டிக்கு வந்து சல்லிவனிடம் தங்கியிருந்துவிட்டுப் போனார்.

கஜானாவைக் கவனித்தவர் கொள்ளையடித்தார், சரி. அவரை அத்தனை வருசம் கேள்வி கேட்காமல் மேலே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மன்றோ நம்ம நெசவைப் பாராட்டிப் பேசினார் என்று படித்தேன், நிஜமா? (சென்னிமலையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம்)

நிஜம்தான். 1813-இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது பற்றி லண்டன் பார்லிமெண்டில் விசாரணை நடந்தது. இங்கிலாந்துச் சரக்கு இந்தியாவில் விற்குமா என்று கேட்டார்கள். நான் ஒரு இந்தியச் சால்வையை ஏழு வருசமாகப் போர்த்துகிறேன், புதிதில் இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஐரோப்பியச் சால்வையைச் சும்மா கொடுத்தாலும் போர்த்த மாட்டேன் என்று பதில் சொன்னார். நாகரிகம் என்பதும் ஒரு வியாபாரச் சரக்கானால், இறக்குமதி செய்து லாபம் பார்க்கப்போவது இங்கிலாந்துதான் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாசனத்தைப் புதுப்பித்து, வியாபாரத்தைத் திறந்துவிட்டு, ஆலைத் துணியைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். உங்கள் முப்பாட்டன்களின் தறிக்கு அப்புறம் என்ன ஆனது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: மொத்தத்தில் நல்லவரா கெட்டவரா? பரீட்சைக்கு ஒரு வரியில் சொல்லுங்க சார். (திருச்செங்கோடு கல்லூரி மாணவி)

ஒரு வரியில் எழுதி மார்க் வாங்கிக்கொள், அம்மிணி, ஆனால் என்னிடம் ஒரு வரி கிடையாது.

இந்தியர்களைப் பெரிய பதவிகளிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்களிடம் நேர்மை இல்லை என்று குறை சொல்வது என்ன நியாயம் என்று கேட்ட வெள்ளைக்காரர் இவர். இந்த மக்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதி பெறும் நாளில் நாம் விலகிக்கொள்வதுதான் முறை என்று 1824-இலேயே எழுதினார். பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க 1822-இல் உத்தரவு போட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. கிராம முன்சீப் பத்து ரூபாய் வரைக்குமான வழக்கை ஊரிலேயே தீர்க்கலாம் என்று 1816-இல் வந்த சட்டம் இவர் முயற்சி. நம்ம ஊர் மணியக்காரருக்கு அந்தக் கெத்து அங்கிருந்துதான் வந்தது, 1980-இல் பரம்பரை மணியத்தை ஒழித்து வி.ஏ.ஓ.க்களைப் போடும் வரைக்கும் நீடித்தது.

அதே மனுசன்தான் இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம் கூடவே கூடாது என்று 1822-இல் எழுதினார். இந்தப் பக்கத்தை எழுதுகிற நான் அதை மறந்துவிட முடியுமா? கலெக்டர் கையில் வரி, போலீஸ், மாஜிஸ்திரேட் வேலை மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததும் இவர் ஏற்பாடுதான். வரி கேட்கிறவனே தண்டிக்கிறவனாகவும் இருந்தால் குடியானவன் யாரிடம் போய் அழுவான்?

முக்கியமான குறை தீர்வைதான். முறை நேரானது, தொகையோ கழுத்தை நெரித்தது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு என்பது மழையை நம்பிய புன்செய்க் காட்டுக்காரனுக்கு என்ன அர்த்தம் என்று காங்கேயம் பக்கம் போய்க் கேட்டுப் பார். அது மன்றோவுக்கும் தெரிந்திருந்தது. 1807-இல் தன் ஜில்லாக்களில் தீர்வையை நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு மேலும் 8 குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அப்போது யாரும் கேட்கவில்லை. 1820-இல் தானே கவர்னராக வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குறைப்பைக் கொண்டுவர முடிந்தது.

அவர் இறந்து முப்பது வருசம் ஆவதற்குள், 1855-இல், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் ஏறியிருக்கின்றன. ஒன்று கிட்டி, விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள், ஆளை வளைத்துக் கயிற்றில் கட்டி வெயிலில் நிறுத்துவது. செய்தவர்கள் நம்ம ஊர்ச் சேவகர்கள்தான், பணம் போய்ச் சேர்ந்தது கம்பெனிக் கஜானாவுக்கு.

கேள்வி: மந்திராலயத்தில் ராகவேந்திரர் மன்றோவுக்குக் காட்சி கொடுத்தாராமே? (கோபிசெட்டிபாளையம் வாசகி)

மடத்து மானிய நிலத்தை விசாரிக்கப் போன மன்றோ, தொப்பியையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு உள்ளே போய் சுவாமியோடு பேசினார், கூட நின்றவர்கள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை, நிலம் மடத்துக்கே திரும்பியது என்பது கதை. ராகவேந்திரர் பிருந்தாவனப் பிரவேசம் (ஜீவசமாதி) செய்தது 1671-இல், மன்றோ பிறப்பதற்கே தொண்ணூறு வருசம் முன்பு. நம்பிக்கை உங்கள் இஷ்டம். என் கண்ணுக்குப் படுவது வேறு: ஒரு வரி அதிகாரியை ஜனங்கள் சாமியோடு பேச வைத்திருக்கிறார்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவன் என்பதற்காக!

கேள்வி: மூணாறு என்பது மன்றோ பேர்தானா? (உடுமலை வாசகர்)

மூன்று ஆறு கூடுகிற இடம், அவ்வளவுதான். அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்தவர் பேரும் மன்றோதான், ஆனால் அவர் வேறு ஆள், 1877-இல் வந்தவர். கொல்லத்துப் பக்கம் இருக்கும் மன்றோத் துருத்து, திருவிதாங்கூரில் திவானாக இருந்த இன்னொரு மன்றோவின் பேர். நம்ம ஊரில் எத்தனை பழனிச்சாமியோ, ஸ்காட்லாந்தில் அத்தனை மன்றோ.

கேள்வி: சென்னையில் இருக்கும் மன்றோ சிலையில் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கிற அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டதாகவும், அவமானத்தில் தற்கொலை பண்ணிக்கொண்டதாகவும் எங்கள் வாத்தியார் சொன்னார். (பவானி வாசகர்)

எங்கள் வாத்தியாரும் இதையேதான் சொன்னார். சிற்பி பிரான்சிஸ் சாந்த்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் ராஜாவை அவர் செய்த சிலையிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. மனுசனுக்கு அதுதான் பாணி. ராஜாவுக்கே மறந்திருப்பாரா என்ன?

சிலை நின்றது 1839-இல். அதற்குப் பன்னிரண்டு வருசம் முன்பே மன்றோ போய்விட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்தாகிவிட்டது, உடம்புக்கு முடியாத சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு மனைவி முன்னமே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார், மாற்று கவர்னர் வருவதுதான் தாமதம். அந்த இடைவெளியில், பழைய ஜில்லாக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அங்கே காலரா. 1827 ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில், கூடாரத்தில் முடிந்துபோனார். குத்தி (Gooty) என்கிற ஊரில் புதைத்து, பிறகு எடுத்துவந்து சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் வைத்தார்கள். அடுத்தமுறை கோட்டைப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பாருங்கள், அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.