அம்மம்மாவின் தாய் யார்?

கேள்வி: ஐயா, நான் டொரன்டோவில் பிறந்தவள். அம்மம்மாவின் ஊர் கோப்பாய். 2004இல் காலமாகிவிட்டார். அவருடைய தாயின் பெயர் என் அம்மாவுக்கே தெரியவில்லை. ‘எங்கட சீதனக் காணிக்குப் புளியடி வளவு என்று பேர்’ என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆடியில் இரண்டு கிழமை யாழ்ப்பாணம் வருகிறேன். எங்கே தொடங்கலாம்?
— ஒரு வாசகி, டொரன்டோ

பதில்: பிள்ளை, அந்தக் காணிப் பெயரில்தான் தொடங்க வேண்டும். அது கையில் இருப்பது பெரிய விஷயம்.

முதலில் சுலபமான வேலை. அம்மம்மாவின் கலியாணம் பதிவாகியிருந்தால், அந்த விவாகப் பதிவில் அவருடைய தகப்பனின் பெயரும் தொழிலும் இருக்கும். பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். ஆனால் தாயின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் பதியாமலே நடந்த கலியாணங்களும் நிறைய.

பெண்வழியைத் தேட நம்மிடம் உள்ள நல்ல சான்று காணி உறுதிதான், அதாவது காணிப் பத்திரம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவது வழக்கம். அதனால் ஒரு சீதன உறுதியை எடுத்தால், ‘எனக்கு இன்ன ஆண்டு, இன்ன நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) முடித்த, இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி உரித்தான காணி’ என்று முந்திய உறுதியைச் சொல்லும். அதை எடுத்தால் அதற்கு முந்தியது. இப்படித் தாயிடமிருந்து தாய்க்குப் பின்னோக்கிப் போகலாம்.

வீட்டில் உறுதி இல்லையென்றாலும் வழி உண்டு. நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் பிரதி கேட்கலாம். 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு உறுதிப் பெட்டி தொலைந்துபோயிற்று. பெரியம்மாவின் கொப்பியில் நொத்தாரிசின் பெயரும் ஒரு இலக்கமும் இருந்தன. ஆண்டு தெரியாமல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பி, மூன்றாம் முறைதான் பிரதி கிடைத்தது. அதில் என் அம்மம்மாவின் தாய் பெயர் இருந்தது. அதைவிட, எல்லை சொல்லும் இடத்தில் ‘தெற்கு: சகோதரி இன்னாரின் காணி’ என்று இருந்தது. அவருக்கு ஒரு சகோதரி இருந்தது அன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கடதாசியைப் பிடித்தபடி பதிவக வாசலிலேயே கன நேரம் நின்றேன். ஆகவே எல்லை வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

அடுத்தது கல்வெட்டு. கோயில் கல்வெட்டைச் சொல்லவில்லை. ஒருவர் இறந்து ஒரு மாதமளவில் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொல்கிறேன். பலவற்றில் வம்சாவளி இருக்கும். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடப் பெயர், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி இருக்கும். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் கவனம் வேண்டும்: ‘யுவ வருடம்’ என்றால் 1935ஆ, 1995ஆ என்று மற்ற விவரங்களோடு சரிபார்க்க வேண்டும். சில கல்வெட்டுகளில் மருமகனின் பெயர் முழுதாக இருக்கும், மகளின் பெயர் இராது. எனக்கு அதில் ஆறாத கோபம்.

கல்வெட்டுகளை நூலக நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இப்போதே வீட்டிலிருந்து பார்க்கலாம். ஆளின் பெயரைவிட ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எங்கள் ஆட்களின் பெயர் பத்து விதமாக எழுதப்படும். அப்புறம், ஊருக்கு வந்ததும் சனசமூக நிலையத்துக்கு, அதாவது ஊர்ப் பொது வாசிகசாலைக்கு, போங்கள். ஆண்டு மலர்கள், பழைய கல்வெட்டுகள் அலுமாரியில் கிடக்கும். அங்கே பின்னேரம் பேப்பர் பார்க்க வரும் வயதானவர்களிடம் ‘புளியடி வளவு எங்கே?’ என்று கேளுங்கள். ஆளின் பெயரை மறந்தவர்களும் காணியின் பெயரை மறப்பதில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதற்குப் பிறகு வீட்டு அலுமாரியில் தப்பியதெல்லாம்தான் நமக்கு ஆவணக் காப்பகம். அம்மம்மாவின் கல்வெட்டு டொரன்டோ வீட்டில் இருந்தால், ஒரு பிரதி எடுத்து வந்து அந்தச் சனசமூக நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள், பிள்ளை.