வெள்ளத்தில் போனதும் கணக்கில் வந்ததும்

வேலூர் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

குடியாத்தம் நெசவாளர்: ஐயா, 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆறு பெருகி, எங்கள் தறிக்குழியில் தண்ணீர் நின்றது, தறியும் வீட்டுச் சுவரும் போயின. அந்த நட்டம் நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் எங்கே வரும்?

பதில்: நேரடியாக எங்கும் வராது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் புதிதாக உண்டாக்கப்பட்டவற்றின் மதிப்பு. முன்பே இருந்த தறியும் சுவரும் அழிந்ததை அது கழிப்பதில்லை. தறி நின்ற நாட்களில் நெய்யாமல் விட்ட லுங்கிகள்தாம் குறைவாகத் தெரியும். பிறகு நீங்கள் கடன் வாங்கித் தறியைச் சீர்செய்தால், தச்சர் கூலி வளர்ச்சியாகவே பதிவாகும்; உங்களுக்கோ பழைய தறியோடு புதிய வட்டியும் சேரும். பேரிடர் வளர்ச்சியைத் தூண்டும் என்று வாதிடுவோர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

காட்பாடி மாணவி: ஏழை நாடுகளுக்கு அடி ஏன் பலமாக விழுகிறது?

பதில்: 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவிலும், அடுத்த மாதமே சிலியில் 8.8 அளவிலும் நிலம் நடுங்கியது. சிலியில் இறந்தோர் அறுநூறுக்கும் குறைவு. ஹைட்டியிலோ, அரசுக் கணக்குப்படி, இரண்டு லட்சத்துக்கும் மேல். தலைநகருக்கு அருகிலேயே நடுக்கம் ஏற்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனால், நடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகளைச் சிலி நெடுங்காலமாகக் கடைப்பிடித்ததும், தாமிரம் நல்ல விலைக்கு விற்ற காலத்தில் நிதி சேர்த்து வைத்ததும் பெரிய காரணங்கள். ஹைட்டியின் சேதமும் இழப்பும் அதன் ஓராண்டு உற்பத்தியையே விஞ்சின.

பொன்னை விவசாயி: வெள்ளம் வந்தால் கிணறு ஊறுகிறதே, அது நன்மையில்லையா?

பதில்: நன்மைதான். மிதமான வெள்ளத்துக்குப் பின் வேளாண் உற்பத்தி உயர்வதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வறட்சிக்கு அந்த ஆறுதலும் இல்லை. கறவை மாட்டை விற்றவர் மழை பெய்த மறுநாளே அதைத் திரும்ப வாங்கிவிட முடியாது.

ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கணக்கர்: வெளிநாட்டு உதவி போதாதா?

பதில்: எவ்வளவு என்பதோடு, எப்போது, எந்த வடிவில் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானின் சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தொட்டன. மறு ஆண்டு ஜெனீவாவில் அறிவிக்கப்பட்ட 900 கோடிக்கு மேற்பட்ட தொகையில் பெரும்பகுதி கடன். 2007இல் கரீபிய நாடுகள் தொடங்கிய கூட்டுக் காப்பீட்டிலோ, காற்றின் வேகமோ நடுக்கத்தின் அளவோ குறித்த எல்லையைத் தாண்டினாலே பணம் வரும். சேதத்தை ஒவ்வொன்றாக மதிப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹைட்டிக்கு அப்படிக் கிடைத்தது 80 லட்சம் டாலருக்கும் குறைவே. ஆனால் சில வாரங்களுக்குள் கைக்கு வந்துவிட்டது.