மெழுகும் ஆறு மார்க்கும்

கேள்வி: சென்னையில் பி.ஏ. தத்துவம் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் 'தியானங்கள்' என்ற நூல் நடக்கிறது. பத்துப் பக்கம் வாசிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. மெழுகு பற்றிய பகுதிக்கு அசைன்மென்ட் எழுதி, 'உலகில் எல்லாம் மாறும் என்கிறார், ஆழமான கருத்து' என்று முடித்தேன். இருபதுக்கு ஆறு! ஆங்கிலம்தான் தடையா சார்? வேறு பாடத்துக்கு மாறிவிடட்டுமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: தத்துவத்தில் பத்துப் பக்கத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் வேகம்தான், மக்களே. ஆங்கிலம் கொஞ்சம் தடைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்க் போனது அதனால் அல்ல. 'எல்லாம் மாறும்' என்றது புத்தர். டெக்கார்ட் போன வழி வேறு.

மாசி, பங்குனியில் உங்கள் ஊர் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைப்பார்களே, மெழுகை நீ தொட்டுப் பார்த்திருப்பாய். கூட்டிலிருந்து புதிதாக எடுத்த ஒரு கட்டியைத்தான் அவரும் கையில் எடுக்கிறார். தேன் ருசி இன்னும் இருக்கிறது, பூவாசமும் போகவில்லை. கெட்டியாக, குளிர்ச்சியாக இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் சத்தம் வருகிறது. நெருப்பருகே கொண்டுபோனால் ருசி, மணம், நிறம், வடிவம் எல்லாம் போச்சு. தட்டினால் சத்தமும் இல்லை.

நீ இங்கேயே நின்றுவிட்டாய். அவர் மேலே கேட்கிறார்: இது அதே மெழுகுதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கண்ணும் மூக்கும் விரலும் சொன்னதில் எதுவும் மிச்சமில்லை. கற்பனையும் கைகொடுக்காது, மெழுகு எடுக்கக்கூடிய வடிவங்களுக்குக் கணக்கே இல்லை, அத்தனையையும் மனதில் ஓட்டிப் பார்க்க முடியுமா? அப்படியானால் மெழுகை அறிவது புத்திதான் என்கிறார். 1641-இல் வந்த அந்த நூலின் இரண்டாம் தியானத்தில் மெழுகு வருவது இதற்குத்தான்: உடலைவிட மனமே நமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று காட்ட.

என் முதல் அசைன்மென்ட் பதினான்கு பக்கம். வாத்தியார் அதன்மேல் 'ஏன்?' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பித் தந்தார். எனக்குக் கோபம் வந்தது. பல வருஷம் கழித்து, தர்க்கம் சொல்லித்தரும் மணிமேகலையின் 29-ஆம் காதையை வாசித்தபோதுதான் அவர் கேட்டது புரிந்தது. 'மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. 'புகை இருப்பதால்' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களை போல' என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. நான் பதினான்கு தாளிலும் அந்தப் 'பக்க'மாகவே எழுதியிருந்தேன், ஏது ஒன்றுகூட இல்லை!

ஒரு தடவை சும்மா வாசி. அடுத்த தடவை பென்சிலோடு உட்கார்ந்து, ஓரத்தில் 'ப', 'ஏ' என்று குறித்துக்கொண்டே போ. ஓர் இடத்தில் உனக்கு 'ஏ' கிடைக்காது. உருகிய பிறகும் அதே மெழுகுதான் என்பதற்கு அவர் காரணம் சொல்வதில்லை. இதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று கடந்துவிடுகிறார். நீ மறுத்துப் பார். அடுத்த அசைன்மென்டை அங்கிருந்தே தொடங்கு. பாடம் மாறுவதைப் பற்றி செமஸ்டர் முடிந்து எழுது.